எலிக்கு ஒரு கூட்டல் குறி: கோவைப் பட்டறையின் ப்ளஸ் மேஸும் டி-மேஸும் வாங்கலாமா?

பொருள் இரண்டு. ஒன்று, எலியின் பதற்றத்தைச் சோதிக்கும் உயர்த்திய ப்ளஸ் மேஸ் (மேஸ் என்றால் எலியை நடமாட விட்டுப் பார்க்கும் பாதை). மற்றொன்று, ஆங்கில T வடிவில், முனைகளில் விளக்கும் பால் குழியும் வைத்த டி-மேஸ். இரண்டையும் செய்து தருவது கோவை கணபதிப் பக்கம் இருக்கிற ஒரு சிறு பட்டறை. கடைப் பலகைகளுக்கும் மெஷின் மூடிகளுக்கும் அக்ரிலிக் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவர்கள். திருச்செங்கோடு, நாமக்கல், ஈரோடு என்று இந்தப் பக்கம் நிறைந்து கிடக்கும் பார்மசி கல்லூரிகள் கேட்கக் கேட்க இந்த வேலைக்குள் வந்தவர்கள். ஆய்வகக் கருவிகளுக்குப் பேர்போன ஹரியானாவின் அம்பாலாவிலிருந்து வரவழைப்பதைவிடச் செலவு குறைவு. சரியில்லை என்றால் டவுன் பஸ்ஸில் போய் நேரில் சண்டை போடலாம் என்பது அதைவிடப் பெரிய வசதி.

முதலிலேயே சொல்லிவிடுவோம். ப்ளஸ் மேஸை வாங்கலாம், சில திருத்தங்களை எழுத்தில் கேட்டு. டி-மேஸை இப்போது இருக்கிற நிலையில் வாங்க வேண்டாம். விளக்கை மாற்றித் தருகிறார்கள் என்றால் வாங்கலாம். கூடவே தலையில் கட்டப் பார்க்கும் கேமரா செட் வேண்டவே வேண்டாம்.

ப்ளஸ் மேஸ் என்பது பார்வைக்கு ஒன்றுமில்லை. தரையிலிருந்து தூக்கி நிறுத்திய ஒரு கூட்டல் குறி. எதிரெதிரே இரண்டு கைகளுக்கு உயரமான சுவர், மற்ற இரண்டும் மொட்டை வெளி. எலியை நடுவில் விட்டு 5 நிமிடம் பார்க்க வேண்டும். எலிக்குப் புது இடத்தைத் துழாவும் ஆசை உண்டு. சுவரை ஒட்டி மீசை உரச நடந்தால்தான் அதற்கு நிம்மதி. இந்த இரண்டும் நடுச் சதுரத்தில் மோதுகின்றன. 1955இல் மாண்ட்கோமரி புது இடத்து ஆர்வமும் பயமும் மோதுவதைக் காட்டினார். 1984இல் ஹேண்ட்லியும் மிதானியும் அதை மருந்துச் சோதனையாக்கினார்கள். 1985இல் பெல்லோவும் சாண்ட்ரா ஃபைலும் கூட்டாளிகளும் எலிக்கும், 1987இல் லிஸ்டர் சுண்டெலிக்கும் சரிபார்த்துக் கொடுத்தார்கள். நாம் இதைப் 'பதற்றம் அளக்கும் கருவி' என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிக்கொள்கிறோம். உண்மையில் கையில் கிடைப்பது ஒரு முடிவின் தடம்: வெளியே போகலாமா, உள்ளேயே இருக்கலாமா. அந்த முடிவைப் பட்டறைக்காரரின் ஒரு திருகாணிகூட மாற்றிவிடும். அதனால்தான் ஒரு தட்டுமுட்டுச் சாமானுக்கு இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

ஸ்டாண்டு ஒரு இஞ்ச் சதுரக் குழாய், பவுடர் கோட்டிங், நான்கு கால். கிரைண்டருக்கு ஸ்டாண்டு அடித்துப் பழகிய கை என்பது வெல்டிங்கைப் பார்த்தாலே தெரிகிறது. ஆளே ஏறி உட்காரலாம். கை 50 செ.மீ. நீளம், 10 செ.மீ. அகலம், சுவர் 40 செ.மீ., தரையிலிருந்து 50 செ.மீ. உயரம். பெல்லோ அளவுகள்தாம், டேப் வைத்துப் பார்த்தால் மில்லிமீட்டர் பிசகவில்லை. குறை என்னவென்றால் காலுக்கு லெவல் போல்ட் கிடையாது. நம்மூர் ஆய்வகத் தரை எல்லாம் கழுவிவிடுவதற்காக வடிகால் பக்கம் சரிவாகப் போட்டது. மேஸை அப்படியே வைத்தால் ஒரு திறந்த கை கொஞ்சம் ஏற்றம், எதிர்க்கை இறக்கம். ரசமட்டம் வைத்துக் காலடியில் ரப்பர் துண்டு சொருகிச் சமாளிக்கலாம். ஆனால் ரப்பர் போட்டதும் மேஸ் லேசாக ஆடும், ஆடினால் எலி நடுவிலேயே உறைந்து நிற்கும். அந்த உறைவைப் பதற்றக் கணக்கில் எழுதிவிட்டால் கதை முடிந்தது. M10 போல்ட் நான்கு, காலுக்கு ஒன்றாக வைத்துத் தரச் சொன்னால் வைத்துத் தருகிறார்கள். செலவு ஒன்றும் பெரிதில்லை.

அடுத்தது விளிம்பு. திறந்த கைகளைச் சுற்றி 15 மி.மீ. உயரத்துக்கு ஒரு தடுப்புப் பட்டை ஒட்டியிருக்கிறார்கள். காரணம் கேட்டால், "எலி கீழ விழுந்துரப்போகுதுன்னுதானுங்க சார் வெச்சோம்" என்கிறார்கள். நல்ல மனசு. ஆனால் அந்தப் பட்டை சோதனையைத் தின்றுவிடுகிறது. எலிக்குப் பயம் தருவது உயரம் இல்லை. 1993இல் ட்ரைட் குழுவினர் மேடையின் உயரத்தை மாற்றிப் பார்த்ததில் எலியின் நடத்தை பெரிதாக மாறவில்லை. சுவர் இல்லாத வெளிதான் அதை விரட்டியது. மீசைக்கு உரச ஏதாவது கிடைத்தால் எலி தைரியமாகிவிடும். 1996இல் ஃபைலும் ஃபெர்னாண்டஸும் விளிம்பு வைத்த மேஸையும் வைக்காததையும் ஒப்பிட்டபோது, விளிம்பு இருந்தால் எலிகள் திறந்த கையில் கூடுதலாக நடமாடின. 15 மி.மீ. என்பது நடக்கும் எலியின் மீசைக்குச் சுவர் மாதிரிதான். பதற்றம் தணிக்கும் டயஜெபம் மருந்து கொடுக்காத எலியே வெளியில் உலாத்தினால் மருந்து என்ன வேலை செய்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பட்டையை எடுத்துவிடச் சொல்லுங்கள். விழுமே என்ற கவலைக்குக் கீழே பழைய மெத்தைப் பஞ்சு போட்டால் போதும். சுண்டெலிக்கு மட்டும் லிஸ்டர் வைத்த மாதிரி கால் சென்டிமீட்டர் விளிம்பு இருக்கட்டும்.

நடுச் சதுரமும் கைகளும் சேரும் இடத்தில் 2 மி.மீ. படி நிற்கிறது. விரல் நுனியால் தடவினால்தான் தெரியும். எலிக்கு மூக்கு போகும் முன்னே தெரிந்துவிடும். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் ஒரு நொடி நின்று மோந்து பார்க்கும். மோசம் அதில்லை. கைகளைப் பிடிக்கும் திருகுகளின் தலைக்குழி மேல்பக்கம் இருக்கிறது. பதறிய எலி முதலில் செய்வது சிறுநீர் விடுவது. அது குழியில் தேங்கி, மேலோட்டமாகத் துடைத்தால் போகாமல், அடுத்த எலிக்கு 'இங்கே ஒருத்தன் பயந்தான்' என்று செய்தி சொல்லிக்கொண்டிருக்கும். திருகைக் கீழிருந்து போடச் சொல்லுங்கள். இதற்குக் கொஞ்சம் முகம் சுளித்தார்களே தவிர, செய்து தருகிறார்கள்.

அக்ரிலிக் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். லேசரில் வெட்டிய விளிம்பு கண்ணாடி மாதிரி பளபளக்கும், பார்க்க அழகு. ஆனால் வெட்டிய சூட்டில் அந்த விளிம்புக்குள் இழுவிசை தங்கிவிடுகிறது. அதன்மேல் 70 சதவீத ஆல்கஹால் வைத்துத் துடைக்கத் துடைக்க, சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல்கள் உள்ளுக்குள் ஓடும். கீறலுக்குள் அழுக்கும் வாடையும் குடியேறும். வெட்டிய துண்டுகளை 80 டிகிரி சூட்டில் சில மணி நேரம் அடுப்பில் வைத்து மெதுவாக ஆறவிட்டால் அந்த இழுவை தளர்ந்துவிடும். பட்டறையில் அடுப்பு இருக்கிறது. கேட்காவிட்டால் செய்ய மாட்டார்கள். துடைப்பதற்கு வாடையில்லாத சோப்புத் தண்ணீர், பிறகு வெறும் தண்ணீர், பிறகு உலர்ந்த துணி. ஆல்கஹால்தான் வேண்டும் என்று உங்கள் நெறிமுறையில் எழுதியிருந்தால் 10 சதவீதத்தோடு நிறுத்துங்கள், முழுக்க உலர்ந்தபின் அடுத்த எலியை விடுங்கள்.

ஒட்டுவதற்கு குளோரோஃபார்ம் பயன்படுத்துகிறார்கள். அக்ரிலிக் வேலையில் அது வழக்கம்தான், ஒட்டும் நன்றாக நிற்கிறது. வாடை நமக்கு இரண்டு நாளில் போய்விடும். எலி மூக்குக்கு அவ்வளவு சீக்கிரம் போகாது. வந்ததும் பிரித்துக் காற்றோட்டமான வராந்தாவில் இரண்டு வாரம் வைத்துவிட்டு அப்புறம் வேலையைத் தொடங்குங்கள். கறுப்புப் பளபளப்பு ஷீட் வேண்டாம், மேட் கேளுங்கள். பளபளப்பில் விளக்கின் பிம்பம் விழுந்து திறந்த கையில் ஒரு வெளிச்சப் பொட்டு தெரியும், சில எலிகள் அதையே பார்த்துக்கொண்டு நிற்கும். வெள்ளை விஸ்டார் எலிக்குக் கறுப்புத் தரை, சி57 கறுப்புச் சுண்டெலிக்கு வெள்ளைத் தரை என்பதை ஆர்டரிலேயே சொல்லிவிட வேண்டும்.

மேஸ் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அறை கெடுத்துவிடும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னலை அடிக்கும்போது எடுத்த கணக்கையும் மார்கழியில் எடுத்த கணக்கையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். சோமனூர், பல்லடம் பக்கம் தறிச் சத்தத்தோடு தரையும் அதிரும். மாடி அறையைவிடத் தரைத்தள அறை மேல். இன்னொரு விஷயம் பலருக்குத் தோன்றுவதே இல்லை. நம் காது 20 கிலோஹெர்ட்ஸில் நின்றுவிடும், எலி 80 வரை கேட்கும். பயந்த எலி போடும் எச்சரிக்கைக் குரல் 22 கிலோஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரம். நமக்கு அறை அமைதியாக இருக்கும். மேஸில் இருப்பது கத்திக்கொண்டிருக்கும், மூலையில் கூண்டில் காத்திருக்கும் மற்ற எலிகள் அதைக் கேட்டுக்கொண்டிருக்கும். காத்திருக்கும் எலிகளை அடுத்த அறையில் வையுங்கள். முடித்த எலியை, முடிக்காத கூட்டாளிகள் இருக்கும் கூண்டுக்குள் அன்று திருப்பி விடாதீர்கள். மலிவான யூபிஎஸ்ஸும் எல்இடி டிரைவரும் நமக்குக் கேட்காத சுருதியில் கத்தக்கூடியவை. அவற்றையும் அறைக்கு வெளியே தள்ளுங்கள்.

இனி அந்த 5 நிமிடம். கேரளத்து மண்ணுத்தியிலிருந்து வந்த எலி என்றால் வாளையாறு தாண்டி வந்த களைப்பு தீர ஒரு வாரமாவது இருக்கட்டும். பிறகு சில நாள் தினமும் கையில் எடுத்துப் பழக்கி, சோதனை நாளில் ஒரு மணி நேரம் முன்பே பக்கத்து அறைக்குக் கொண்டுவந்து, நடுச் சதுரத்தில் எப்போதும் ஒரே திறந்த கையைப் பார்த்து இறக்கிவிடுகிறீர்கள். பெரும்பாலானவை நேரே மூடிய கைக்குள் ஓடும். முப்பது, நாற்பது நொடி கழித்து மூக்கு வெளியே வரும். பின்கால்கள் சுவருக்குள், உடம்பு ரப்பர் மாதிரி நீண்டு, முன்கால் திறந்த கையில் படும், சட்டென்று உள்ளே இழுத்துக்கொள்ளும். நான்கு காலும் வைத்தால்தான் நுழைவு என்று எண்ணுகிறோம். ஆனால் இந்த நீட்டிப் பார்க்கும் தோரணையை எண்ணாமல் விட்டால் பாதிச் செய்தி போய்விடும். எலி இடர் கணக்குப் போடும் நேரம் அது.

அப்போது மண்டைக்குள் என்ன நடக்கிறது? ஹிப்போகாம்பஸின் கீழ்ப்பகுதி முதல் ஆள். 2002இல் நார்வேயில் மோசர் குழுவினர் அந்தப் பகுதியைச் சிதைத்த எலிகள் திறந்த கைக்குத் தயங்காமல் போயின. மேல்பகுதியைச் சிதைத்தவை அப்படிச் செய்யவில்லை. 2018இல் ஹிமெனெஸும் கூட்டாளிகளும் சுண்டெலியின் அதே கீழ்ப்பகுதியில், திறந்த இடத்துக்கு வந்தாலே துடிக்கும் செல்களைப் பார்த்துப் 'பதற்றச் செல்கள்' என்று பெயர் வைத்தார்கள். அவற்றில் ஹைபோதலாமஸுக்குப் போகும் நரம்புக் கம்பியை அணைத்தால் சுண்டெலி வெளியே கூடுதலாக உலாத்தியது. இந்தக் கீழ் ஹிப்போகாம்பஸ் நெற்றிப் பக்கத்து ப்ரீஃப்ரன்டல் கார்டெக்ஸோடு பேசிக்கொண்டே இருக்கிறது. பதற்றமான இடத்தில் இரண்டின் தீட்டா அலைகளும் (4 முதல் 12 ஹெர்ட்ஸ்) கூடுதலாக இணைந்து ஓடுவதை 2010இல் அதிகாரி குழு அளந்தது.

அமிக்டலா? பயத்தின் மையம் என்று எல்லாப் பாடப் புத்தகமும் ஒரே வரியில் முடித்துவிடும் இடம். பவானிசாகர் அணையை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஒன்றுதான், கீழ்பவானி வாய்க்கால் மதகைத் திறந்தால் ஒரு ஆயக்கட்டு நனையும், ஆற்றில் விட்டால் வேறொன்று. 2011இல் கே டை அமிக்டலாவின் அடிப்பக்கச் செல்களை மொத்தமாக ஒளியால் தூண்டியபோது சுண்டெலி சுவருக்குள் ஒடுங்கியது. அதே செல்களிலிருந்து நடு அமிக்டலாவுக்குப் போகும் முனைகளை மட்டும் தூண்டியபோது, அது திறந்த கையில் நடந்தது. விளக்கை அணைத்ததும் பழையபடி. 2013இல் அதே இடத்திலிருந்து கீழ் ஹிப்போகாம்பஸுக்குப் போகும் வாய்க்காலைத் தூண்டினால் பதற்றம் ஏறியது, தடுத்தால் இறங்கியது. ஆகவே நீங்கள் சோதிக்கும் மூலிகைச் சாறு 'அமிக்டலாவை அடக்குகிறது' என்று ப்ளஸ் மேஸ் முடிவை மட்டும் வைத்து ஆய்வேட்டில் எழுதினால், வாய்வாத் தேர்வில் புறத் தேர்வாளர் எந்த மதகு என்று கேட்பார். மேஸுக்கு அது தெரியாது.

கணக்கு எழுதுவதிலும் ஒரு பொதுவான தப்பு. ஒரு எலி திறந்த கையில் 45 நொடி, மூடிய கையில் 195 நொடி, நடுவில் 60 நொடி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 300ஆல் வகுத்தால் 15 சதவீதம். நடுவைக் கழித்து 240ஆல் வகுத்தால் 18.75. இரண்டுமே நடைமுறையில் உண்டு. எதை எடுத்தோம் என்று எழுதாமல் விடுவதுதான் தப்பு. மூடிய கை நுழைவு எண்ணிக்கையையும் தவறாமல் எழுதுங்கள். மருந்து கொடுத்ததும் அது விழுந்தால், எலிக்குப் பயம் தெளியவில்லை, தூக்கம் வருகிறது.

புது மேஸை நம்பும் முன் டயஜெபம் வைத்துச் சோதிப்பது கட்டாயம். கிலோவுக்கு 1 அல்லது 2 மி.கி., வயிற்றறைக்குள் ஊசி, 30 நிமிடம் கழித்து மேஸ். ஆம்பூலில் இருப்பது மில்லிக்கு 5 மி.கி. 200 கிராம் எலிக்கு 1 மி.கி. கணக்கில் 0.2 மி.கி. வேண்டும், அதாவது 0.04 மில்லி, சிரிஞ்சில் அதை யாரும் ஒழுங்காக அளக்க முடியாது. மில்லிக்கு 1 மி.கி. ஆக்கினால் 0.2 மில்லி, கைக்கு அடங்கும். சலைன் ஊற்றி நேரடியாக நீர்த்தால் பால் மாதிரி கலங்கி மருந்து படியும். முதல் எலிக்குத் தண்ணீரும் கடைசி எலிக்கு இரட்டிப்பும் போகும். ட்வீன் 80 கரைசலிலோ 0.5 சதவீத சிஎம்சி என்ற செல்லுலோஸ் பசைக் கரைசலிலோ சீராகக் கலக்கி, ஒவ்வொரு முறை இழுக்கும் முன்பும் குலுக்குங்கள். மருந்தில்லாத வெறும் கரைசல் மட்டும் கொடுத்த ஒரு குழு இல்லாமல் இதற்கு அர்த்தமில்லை. ஒருமுறை மேஸ் பார்த்த எலியை இரண்டாம் முறை போடாதீர்கள். முதல் தடவைக்குப் பிறகு டயஜெபம் போன்றவற்றின் பதற்றத் தணிப்பு இந்த மேஸில் தெரிவதே இல்லை. 'ஒரே தடவைச் சகிப்பு' என்பது இதற்குப் பழைய பெயர். எலி மிச்சம் பிடிக்கிறோம் என்று ஒரே எலியை மூன்று டோஸுக்கு ஓட்டுவது மிச்சமில்லை, மொத்தமும் வீண். ஐஏஇசி என்ற விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு எண்ணிக்கை எழுதும்போதே இதைக் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

திருத்தங்கள் செய்த ப்ளஸ் மேஸுக்கு எங்கள் மதிப்பு ஐந்துக்கு நாலு. திருத்தாமல் வாங்கினால் இரண்டு.

டி-மேஸ் கதை வேறு. இதை வாங்க ஆசைப்படுவதற்கு நல்ல காரணம் உண்டு. ப்ளஸ் மேஸில் எலிக்குக் கிடைக்கும் லாபம் என்ன, துழாவும் ஆசை தீர்வதுதானே. அதைக் கூட்டவோ குறைக்கவோ நம்மால் முடியாது. பதற்றம் முடிவெடுப்பை எப்படி வளைக்கிறது என்று பார்க்க, இரண்டு தட்டிலும் எடை வைக்கத் தெரிய வேண்டும். எம்ஐடியில் ஆன் கிரேபியல் ஆய்வகத்திலிருந்து 2015இல் ஃப்ரீட்மன் குழு செய்தது அதுதான். ஒரு கையில் கெட்டியான சாக்லேட் பால், ஆனால் கண் கூசும் விளக்கு. மறு கையில் தண்ணியான பால், மங்கல் வெளிச்சம். ப்ரீஃப்ரன்டல் கார்டெக்ஸிலிருந்து மூளையின் உட்பகுதியான ஸ்ட்ரையாட்டத்துக்குள் இருக்கும் ஸ்ட்ரையோசோம் திட்டுகளுக்குப் போகும் கம்பியைத் தடுத்தபோது எலிகள் கூசும் விளக்கையும் பொறுத்துக்கொண்டு கெட்டிப் பாலுக்குப் போயின, தூண்டியபோது பின்வாங்கின. இழுபறி இல்லாத தேர்வுகளில் இந்த மாற்றம் வரவில்லை.

இன்னும் சுவாரசியமானது 2017இல் வந்தது. நாள்பட்ட மன அழுத்தத்தில் வைத்த எலிகளும் சுண்டெலிகளும் ஒடுங்கவில்லை. விலை அதிகமான, லாபமும் அதிகமான பக்கத்தையே கூடுதலாகத் தேர்ந்தன. பதறிய பிராணி எப்போதும் பின்வாங்கும் என்று ப்ளஸ் மேஸை மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். குரங்கிலோ 2012இல் அமெமோரியும் கிரேபியலும் நேரெதிரைக் கண்டார்கள். உணவும் கிடைக்கும், முகத்தில் காற்றும் ஊதும் என்ற பேரத்தில், மூளையின் ஆன்டீரியர் சிங்குலேட் பகுதியின் முன்புறத்தில் ஒரு இடத்தைத் தூண்டினால் குரங்கு 'வேண்டாம்' என்று சொல்வது கூடியது. பதற்றம் தணிக்கும் மருந்து கொடுத்ததும் அந்தக் கூடுதல் மறைந்தது. 2016இல் பிட்ஸ்பர்கில் மொகதாம் குழு எஃப்ஜி7142 என்ற பதற்றம் உண்டாக்கும் மருந்தை எலிக்குக் கொடுத்துப் ப்ரீஃப்ரன்டல் செல்களைக் கேட்டது. செல்களின் துடிப்பு பொதுவாகத் தணிந்தது. எதைப் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும் என்ற விதியைக் குறித்து வைத்திருந்த செல்கள் விசேஷமாக மங்கின. கவனத்தை இழுக்கும் எதிர்ச் சைகை இருந்த தேர்வுகளில்தான் எலி தடுமாறியது. ஒரே பதற்றம் ஓரிடத்தில் ஒதுங்க வைக்கிறது, ஓரிடத்தில் துணிய வைக்கிறது, ஓரிடத்தில் விதியையே மறக்க வைக்கிறது. இதைப் பிரித்துப் பார்க்க நல்ல டி-மேஸ் வேண்டும்.

இந்த டி-மேஸ் அந்த வேலைக்கு இன்னும் வரவில்லை. தண்டு, கைகள், நூலால் தூக்கும் கதவுகள் எல்லாம் சுத்தமான வேலை. கதவு சத்தமில்லாமல் ஏறுகிறது, எலி வாலில் விழுந்தாலும் அடிபடாதபடி கீழ் விளிம்பில் ரப்பர். கெட்டது விளக்கு. முனையில் ஹாலோஜன் பல்பு வைத்து, வீட்டு ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி ஒரு டிம்மர் கொடுத்திருக்கிறார்கள். மூன்று பக்கமும் சுவர் அடைத்த முனையில் ஹாலோஜன் அரைமணி எரிந்தால் அந்தக் கை சுடும், பாலும் சூடேறும். எலி இப்போது எதை ஒதுக்குகிறது, வெளிச்சத்தையா, வெக்கையையா, திரிந்த பாலையா? டிம்மரைக் குறைத்தால் அது வேறு முனகுகிறது. எல்இடியை வெப்பத் தகட்டோடு சுவருக்கு வெளியே வைத்து, வெளிச்சம் மட்டும் உள்ளே விழும்படி செய்யச் சொல்லுங்கள். டிம்மருக்குப் பதில் மூன்று நிலை வெளிச்சத்துக்குத் தனித்தனி விளக்கு. வாங்கும் முன் இரு முனையிலும் தெர்மாமீட்டர் வைத்து அரைமணி எரியவிட்டு இரண்டும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். விஸ்டார் எலியின் கண்ணில் நிறமி இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். வெளிநாட்டில் கறுப்பு-வெள்ளை எலிக்கு வைத்த வெளிச்சத்தை அப்படியே இதற்கு வைத்தால் எந்தப் பாலுக்கும் அந்தப் பக்கம் போகாது; நாள் கணக்கில் வைத்தால் விழித்திரையே கெடும்.

பால் குழி ஆழம் அதிகம், ஒன்றரை மில்லி பிடிக்கிறது. ஒரு சுற்றுக்கு 0.2, 0.3 மில்லி போதும். நிறைய ஊற்றினால் எட்டாவது சுற்றிலேயே வயிறு நிறைந்து எலி தண்டில் உட்கார்ந்து மீசை துடைக்க ஆரம்பித்துவிடும். குழிக்குள் சின்ன ஸ்டீல் மூடி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டால் கொள்ளளவு குறையும், கழுவவும் எளிது. நம் வெயிலுக்குப் பாலை மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

பழக்கும் வரிசை முக்கியம். எலி புதுத் தீனியை நம்பாது; முதல் மூன்று நாள் சாக்லேட் பாலை அதன் கூண்டிலேயே வையுங்கள். பிறகு விளக்கில்லாமல் இரு கையிலும் ஒரே பால். பிறகு கெட்டி ஒரு பக்கம், தண்ணி ஒரு பக்கம். இப்போதே கெட்டிப் பக்கம் போகக் கற்காத எலியை விளக்குக்குக் கொண்டுவந்து பயனில்லை. பக்கங்களை மாற்றி மாற்றி வையுங்கள். பாலை எங்கே வைத்தாலும் இடப்பக்கமே திரும்பும் எலி எப்போதும் ஒன்றிரண்டு இருக்கும். கடைசியாக விளக்கு. வெளிச்சத்தையும் பாலின் கெட்டியையும் மாற்றி மாற்றி, எலி பாதிக்குப் பாதி இரு பக்கமும் போகிற புள்ளியைப் பிடிக்க வேண்டும். பத்தில் ஒன்பது ஒரே பக்கம் என்ற நிலையில் மருந்து கொடுத்தால், முடிவு நகர ஒரு திசைதான் பாக்கி.

அந்தப் பாதிப் புள்ளியில் எலியைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். தண்டின் முனைக்கு வந்து நிற்கும். தலை இடப்பக்கம், வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம், கால் நகராது. உளவியலாளர் டோல்மன் காலத்திலிருந்தே ஆய்வாளர்கள் எண்ணிவரும் தயக்கம் இது. விளக்கில்லாத நாளில் அரை நொடியில் திரும்பிவிடும் எலி, பாதிப் புள்ளியில் நாலைந்து தடவை தலையாட்டும். எந்தப் பக்கம் போனது என்பதோடு எவ்வளவு நேரம் நின்றது, எத்தனை முறை ஆட்டியது என்பதையும் எழுதுங்கள். பட்டறைக்காரர்கள் தண்டின் முனையில் இரண்டு பக்கமும் கறுப்பு ஷீட் போட்டதில் மேலிருந்து பார்க்காவிட்டால் இது தெரியாது; அந்த 15 செ.மீ. மட்டும் தெளிந்த ஷீட்டாக மாற்றிக் கேளுங்கள்.

கேமரா செட்டுக்கு வருவோம். சிசிடிவி கேமரா, பதிவுப் பெட்டி, 'ட்ராக்கிங்' என்று சொல்லி ஒரு மென்பொருள். அந்த மென்பொருள் எலியின் நடுப்புள்ளியை மட்டும் தொடர்கிறது. மூடிய கைக்குள் பின்கால் இருக்க உடம்பு நீண்டு வெளியே வந்தால் அதைத் திறந்த கை நுழைவு என்று எண்ணிவிடுகிறது. நீங்கள் தேடும் இடர்க் கணக்கு நேரத்தையே அது துணிச்சலாக மாற்றி எழுதுகிறது. மேற்கூரையில் கட்டிய ஒரு பழைய போன், இரண்டு ஸ்டாப்வாட்ச், எந்த எலிக்கு எந்த மருந்து என்று தெரியாத ஒருவர்: 24 எலிக்கு இது தாராளம். உடம்பின் பாகங்களைத் தனித்தனியே தொடர வேண்டும் என்றால் 2018இல் வந்த டீப்லேப்கட் இலவசமாகவே கிடைக்கிறது. நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டரும் பொறுமையும்தான் கேட்கும்.

சர்வீஸில் குறை சொல்ல அதிகம் இல்லை. உடைந்த சுவருக்குப் பதில் தனி ஷீட் வெட்டித் தருகிறார்கள், பழைய அளவுகளை வைத்திருப்பதால் துளைகள் பொருந்துகின்றன. சொன்ன தேதிக்கு வராது. ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்று கடைப் பலகை ஆர்டர்கள் குவியும் மாதங்களில் ஒரு மாதம்கூடத் தள்ளும். வாயால் சொன்ன திருத்தம் பாதிதான் நடக்கும், ஆகவே படம் போட்டுக் கொடுங்கள்: போல்ட் எங்கே, திருகு எந்தப் பக்கத்திலிருந்து, விளிம்பு வேண்டாம், மேட் ஷீட், அடுப்பில் வைத்தது, விளக்கு சுவருக்கு வெளியே. பாக்கித் தொகையை ரசமட்டமும் தெர்மாமீட்டரும் வைத்துப் பார்த்த பிறகு கொடுங்கள்.